காற்றும் காவலும்

காற்று கட்டுக்கு அடங்காதது. வேண்டும்போது வாராது, வேண்டாதபோது பெருகி வீசும். ஊர் உறங்கும் நள்ளிரவில் ஓங்கி வீசுவதும், விளக்கேற்றும் மாலை வேளையில் ஓய்ந்து கிடப்பதும் அதற்குப் புதியன அல்ல. மின்சாரமோ, ஆக்கிய கணத்திலேயே செலவாக வேண்டிய பொருள். ஆதலால், காற்றினின்று மின்னாற்றல் பெற விரும்புவோர்க்கு இரண்டு கடமைகள் உள்ளன. மிகுந்தபோது சேர்த்து வைத்தல் ஒன்று. குறைந்தபோது அளவறிந்து கொடுத்தல் மற்றொன்று. இவற்றைத் தென் ஆஸ்திரேலிய மக்கள் துன்பத்தின் வாயிலாகக் கற்றுக்கொண்டனர்.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பிற்பகல், அம்மாநிலத்தில் பெரும்புயல் வீசியது. சூறைக்காற்று உயர்ந்த மின்கோபுரங்களை முறித்து வீழ்த்தியது. மின்வழிகள் அறுந்தமையால் மின்னழுத்தம் அடுத்தடுத்துப் பலமுறை தாழ்ந்தது. அவ்வாறு தாழும்போதெல்லாம் தாங்கி நின்ற காற்றாலைகள், குறித்த எண்ணிக்கைக்குமேல் தாங்காதவாறு முன்னரே அமைக்கப்பெற்றிருந்தன. அவ்வெல்லை கடந்ததும் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் தம் மின்வழங்கலைக் குறைத்துக்கொண்டன. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் ஆற்றல் மறைந்தது. அக்குறையை ஈடு செய்ய, அண்டை மாநிலமாகிய விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு வழியில் மின்சாரம் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தது. அவ்வழியும் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டது. சுமார் எட்டரை இலட்சம் மின் இணைப்புகள் ஒருசேர இருண்டன.

ஒரு மாநிலம் முழுவதும் இருளில் ஆழ்வது சிறு துன்பமோ? வீதி விளக்குகள் அவிந்தன, தொழிற்கூடங்கள் ஓய்ந்தன, வீடு திரும்புவோர் வழியில் தவித்தனர். அவ்விருளிலே பூசலும் பிறந்தது. காற்றை நம்பியதே பிழை என்றனர் ஒரு சாரார். கோபுரங்களைச் சாய்த்த புயலே காரணம் என்றனர் மற்றொரு சாரார். ஆராய்ந்தபோது புலப்பட்ட உண்மை வேறு. புயல் தொடங்கி வைத்ததை, மனிதன் வகுத்த ஓர் எல்லை முடித்து வைத்தது. அவ்வெல்லை இன்னதென்பதை மின்கட்டமைப்பை நடத்துவோர் முன்னர் அறிந்திலர். பின்னர் அவ்வமைப்புகள் திருத்தப்பட்டன. குறை காற்றில் இல்லை, காவலில் இருந்தது.

மின்கட்டமைப்பின் இயல்பு இங்கு அறியத்தக்கது. அங்கு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைந்து வருகிறது. இதனை 50 ஹெர்ட்ஸ் அலைவெண் என்பர். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது காளைகளின் நடை தளரும், இறக்கத்தில் விரையும். அதுபோலவே, மின் தேவை மிகுந்தால் மின்னாக்கும் பெரும்பொறிகளின் சுழற்சி தளர்ந்து அலைவெண் தாழும். தேவை குறைந்தால் உயரும். வேறுபாடு சிறிதாயினும் தொடர விடலாகாது. விட்டால் பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, இருளே எஞ்சும்.

இக்காவலுக்கென்று, ஜேம்ஸ்டவுன் என்னும் ஊருக்கருகே ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில், 99 காற்றாலைகளின் பக்கத்தே ஒரு பெரும் மின்கலத் தொகுதி நிறுவப்பட்டது. குறித்த 100 நாளில் முடிக்காவிடில் விலை வேண்டா என்று மின்கலம் அமைத்த டெஸ்லா நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க் உறுதி கூறினார். வேலையும் காலத்தில் முடிந்தது. 2017 டிசம்பர் முதல் நாள் தொகுதி இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 100 மெகாவாட். கொள்ளளவு 129 மெகாவாட் மணி. முழுத் திறனோடு வழங்கினால் ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்று மேலாகவே அது நீடிக்கும். மாநிலம் முழுவதையும் இரவெல்லாம் காக்க அஃது அமைந்ததன்று. இடர் நேர்ந்த முதற்கணங்களில் தாங்கிப் பிடிப்பதே அதன் தனிச்சிறப்பு.

அச்சிறப்பு இரண்டு கிழமைக்குள் வெளிப்பட்டது. டிசம்பர் 14-ஆம் நாள், விக்டோரியாவில் உள்ள லாய் யாங் நிலக்கரி மின்நிலையத்தின் ஒரு பொறி திடீரென நின்று, 560 மெகாவாட் ஆற்றல் குறைந்தது. அலைவெண் 49.80 அளவிற்குத் தாழ்ந்தது. நெடுந்தொலைவில் இருந்த மின்கலத் தொகுதி, எவர் கட்டளைக்கும் காத்திராமல், கணப்பொழுதில் மின்சாரம் ஈந்தது. அது தந்தது ஏறத்தாழ 7 மெகாவாட் மட்டுமே. பெருங்குறையை நிறைவு செய்தவை பின்னர் முயன்ற ஏனைய மின்நிலையங்களே. எனினும், முந்தி உதவியது மின்கலமே. காலத்தாற் செய்த உதவி அளவாற் சிறிதாயினும் மதிப்பால் சிறிதாகாதன்றோ!

இவ்விரைவு எவ்வாறு இயல்கின்றது? மின்கலத்தில் உள்ளது நேர்மின்னோட்டம். கட்டமைப்பில் ஓடுவது மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர் என்னும் கருவி, அலைவெண்ணை இடையறாது நோக்கியிருக்கும். அது தாழ்ந்தால், தாழ்ந்த அளவிற்கேற்ப மின்சாரத்தை வெளியே விடும். உயர்ந்தால் மிகுதியை உள்ளே வாங்கும். நிரம்பி வழியும் ஏரி புதுவெள்ளத்தை ஏற்காது. வறண்ட ஏரி வயலுக்கு நீர் தாராது. ஆதலின், மின்கலத்தை முற்றும் நிரப்பியும் விடாமல், முற்றும் வடித்தும் விடாமல் நடுநிலையில் வைத்திருத்தல் இத்தகைய காவலுக்கு இன்றியமையாதது.

2020-இல் அத்தொகுதி 150 மெகாவாட் திறனுக்கு விரிவாக்கப்பட்டது. சுழலும் பெரும்பொறிகள் தம் எடையால் கட்டமைப்பிற்கு இயல்பாக அளிக்கும் நிலைத்தன்மையை, சுழலாத இம்மின்கலமும் அளிக்க 2022-இல் இசைவு பெற்றது.

காற்றை நிறுத்தவோ வருவிக்கவோ மனிதனால் இயலாது. அதன் இயல்பை அறிந்து, மிகுதியைச் சேர்த்து, குறையை உணர்ந்த கணமே ஈதல் இயலும். இருளில் பழி சுமத்திப் பூசலிட்டவர்க்கு ஒளி கிட்டவில்லை. பிழையை ஆராய்ந்து திருத்தியவர்க்கே கிட்டியது.