கைதட்டிய கைகள்

படம் பார்த்தோம், பாராட்டினோம், கண்ணீரும் வடித்தோம். பிறகு? இந்தப் 'பிறகு' என்ற ஒரு சொல், தோழர்களே, என் நெஞ்சை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் வேடந்தாங்கல். ஏரி நிரம்பினால் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து கூடும் ஊர். வேட்டைத் துப்பாக்கியைத் தடுக்க 1798ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்கார கலெக்டரிடம் ஆணை பெற்ற ஊர். கூட்டிலிருக்கும் குஞ்சு கலங்குமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆகவேதான், இனிச் சொல்லப்போவது எனக்குக் கசக்கிறது.

2021 நவம்பர் 2ஆம் நாள், ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' இணையவழியே வெளிவந்தது. வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தோம். ஊர்ப் பெரியவர் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடித்துக் கொடுக்கிறான் இருளர் குடியைச் சேர்ந்த ராசாக்கண்ணு. பிறகு அதே வீட்டு நகை காணாமற்போகிறது. பழி அவன்மீது விழுகிறது. காவல் நிலையம் அவனை விழுங்குகிறது. மனைவி செங்கேணி, சுமந்த வயிற்றோடு நீதியின் கதவைத் தட்டுகிறாள்.

1993இல் கடலூர்ப் பகுதியில் உண்மையாகவே நடந்த கொடுமை இது. வழக்கை நடத்தியவர், பின்னாளில் நீதிபதியான சந்துரு. உயிரிழந்தவர் குறவர் குடியினர். படமோ அவரை இருளராக மாற்றியது. நோக்கம் நல்லதே எனினும், துயரத்தின் முகவரியை மாற்றியது குறைதான் என்பது என் கருத்து. ஆனால், இறுதிக் காட்சியில் அந்தச் சிறுமி நாற்காலியில் அமர்ந்து, வழக்கறிஞரைப் போலவே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளை விரித்தாளே, அங்கே நான் எழுந்து நின்று கைதட்டினேன்!

மூன்று நாள் கழிந்தது. விடாத மழை. எங்கள் வீட்டு விறகுக் குவியலில் ஒரு நல்ல பாம்பு!

"பாலை எடு" என்றார் அம்மா. அவரைக் குறை சொல்லேன். 1979இல் 'நீயா?' படத்தில் பாம்பு பெண்ணாகிப் பழிவாங்கியது. 2015இல் இந்தியில் தொடங்கிய தொடர், 'நாகினி' என்று தமிழ் பேசிக்கொண்டு நடுக்கூடத்துக்கே வந்தது. பாம்பு ஊனுண்ணி, பால் அதன் உணவன்று. அதற்கு வெளிச்செவி இல்லை. மகுடியின் இசைக்கு அது மயங்குவதுமில்லை, ஆட்டுபவன் அசைவைப் பார்த்தே அசைகிறது. இத்தனையும் பள்ளிப் பாடம். ஆனால் பள்ளிப் பாடத்தைவிட நெடுந்தொடரின் பாடம் நீளமானது! 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்கிறது 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பழிவாங்கும் பாம்பைக் காட்டும் கதை, கடித்தவுடன் மருத்துவமனைக்கு ஓடு என்று ஒரு நாளேனும் சொல்லக் கூடாதா?

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருளர் முதியவர் ஒருவர் வந்தார். விறகை ஒவ்வொன்றாக விலக்கினார். பாம்பைக் கொல்லாமல் பையிலிட்டுக் கட்டினார். ஐந்து நிமிட வேலை. ஐந்து தலைமுறை அறிவு! பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின், 1978இல் இக்குடியினருக்காகத் தோன்றியது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அங்கே எடுக்கிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து முறிமருந்து உருவாகிறது. கடிபட்டவன் எந்தச் சாதியாயினும் அவனைக் காப்பது அம்மருந்தே. நம் மாவட்டத்து இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டனர். 2023இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றனர்.

வேலை முடித்த முதியவர் தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பை உயர்த்தி ஊற்றினார். அவர் குனிந்து, இரு கை குவித்துக் குடித்தார். நான் நின்றேன், பார்த்தேன், பேசவில்லை.

அவர் போனபின் தங்கை கேட்டாள்: "அண்ணா, அந்தச் சிறுமி நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கைதட்டினாயே, இவருக்கு ஒரு குவளை எடுத்துத் தரக் கை வரவில்லையா?"

பறவைக்காக வெடியை விட்டொழித்த ஊரில் பிறந்தவன் நான். மனிதனுக்காக ஒரு சொம்பைத் தாழ்த்தச் சொல்ல எனக்கு வாய் இல்லை! அன்றுதான் உணர்ந்தேன்: கொட்டகையில் வரும் கண்ணீர் செலவில்லாதது, நம் வீட்டு வாசலில்தான் அதற்கு விலை கேட்கிறார்கள்.

மறு மழைக்காலத்தில் அவர் மீண்டும் வந்தார். குவளையில் தண்ணீர் தந்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பழக்கமில்லை தம்பி" என்று நின்றே குடித்தார். அந்தப் பழக்கமின்மை அவர் குற்றமா? நாற்காலியை இத்தனை தலைமுறையாக மறைத்து வைத்த நம் குற்றமா?

தோழர்களே, படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள், தாராளமாக! நடிப்பை, வசனத்தை, இயக்கத்தை எடைபோடுங்கள். ஆனால், ஒரு படம் நம்மை என்ன செய்தது என்ற விமர்சனத்தை மட்டும், விளக்கு எரிந்தவுடனே எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலை, வாசலில் ஒருவர் தண்ணீர் கேட்டு நிற்கும்வரை பொறுத்திருங்கள்.