மேளக்காரரின் பாய்

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலுக்கு மாங்கனித் திருவிழாக் காணச் சென்றிருந்தோம். பிக்ஷாடனர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்கள் மழையெனப் பொழிந்தன. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான். ஆயினும் ஸ்வாமிக்கு முன்னே முழங்குவது நம் நாகஸ்வரமே.

தவிலைத் தோளில் சுமந்து நாளெல்லாம் நடந்த மேளக்காரர் இரவில் எதில் படுப்பார்? பஞ்சு மெத்தை கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஜமக்காளமோ கனக்கும். கோரைப்பாய் கக்கத்தில் அடங்கும். நனைந்தாலும் சீக்கிரம் உலரும். மடித்தால் கோரை முறியுமாதலால், துப்பட்டியை உள்ளே வைத்துச் சுருட்டுவதே முறை.

பாய் இருந்தென்ன, விரிக்க இடம் வேண்டாமா? மாம்பழத்துக்குக் கை நீட்டும் நாம், மறுநாளும் வாசிக்க வேண்டியவருக்கு ஒரு திண்ணை தரலாகாதா?