கண்ணாடிக்குள் அடைத்த காற்று

குழாயின் நுனியை வெட்டி, பழைய அட்டைத் துண்டில் ஒரு கோடு இழுத்து, அதை மூக்கருகே கொண்டுபோனார் மாஸ்டர். இரண்டு வினாடிதான்.

"இது வேணாம் தம்பி. திருப்பிக் குடுத்துட்டு வா. வினிகர் வாசனை அடிக்குது."

வாங்கி வந்த இளைஞருக்குப் புரியவில்லை. "மீன் தொட்டிக்கெல்லாம் இதானே மாஸ்டர் போடுவோம்?"

"மீன் தொட்டிக்குப் போடலாம். இது சாமிக்கு."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் இந்த உரையாடலைக் கேட்டேன். டெண்டர் தாள்களில் 'காட்சிப்பேழை' என்று எழுதப்படுவதை இங்கே எல்லோரும் 'ஷோகேஸ்' என்கிறார்கள். நகைக்கடை, துணிக்கடை ஷோகேஸ்கள்தான் இவர்களுக்குச் சோறு போடுகின்றன. நான் போன சமயத்தில் கையில் இருந்தது வேறு மாதிரி வேலை. தென்மாவட்டத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு நான்கு பேழைகள். மூன்றில் செப்புத் திருமேனிகள், ஒன்றில் ஓலைச்சுவடிகள்.

அந்த வினிகர் வாசனையின் விவரம் இது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் பசைகளில் ஒரு வகை, காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியே விடும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். திறந்த கடையில் அது காற்றோடு போய்விடும். இறுக மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? உள்ளே இருக்கும் பொருளின் மேல்தான் போய் உட்காரும். செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். ஈயம் இருந்தால் இன்னும் மோசம், வெள்ளை மாவாகப் பூத்துவிடும். அதனால் அருங்காட்சியக வேலைக்கு அமிலம் விடாத 'நியூட்ரல்' சிலிக்கான்தான். விலை கூடுதல், காய நேரமும் கூடுதல்.

பட்டறைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், ஓய்வுபெற்ற ஓர் அருங்காட்சியக வேதியியலாளர். மாதம் ஒருமுறை வந்து போகிறார். அவர் சொன்ன பழைய கதை ஒன்று இந்தத் தொழிலுக்கே அரிச்சுவடி மாதிரி. இங்கிலாந்தில் ஓக் மர அலமாரிகளில் வைத்திருந்த சங்கு, சிப்பிகள் வெள்ளைத் தூளாக உதிர்ந்தன. 1899இல் பைன் என்பவர் அதைப் பற்றி எழுதினார். கிருமிதான் காரணம் என்று நினைத்தார். உண்மையில் குற்றவாளி அலமாரியேதான். மரம் விட்ட அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்பைத் தின்றிருக்கிறது. பொருளைக் காப்பதற்காகச் செய்த பெட்டி அந்தப் பொருளையே தின்றது. இன்றும் அந்தச் சிதைவுக்குப் பெயர் 'பைன் நோய்'.

பிறகு 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனையை வகுத்தார். பேழைக்குப் பயன்படுத்தப்போகும் துணி, பலகை, பசை எதுவானாலும் ஒரு சிறு துண்டை எடுத்து, செம்பு, வெள்ளி, ஈயத் தகடுகளோடும் சிறிது தண்ணீரோடும் குழாயில் அடைத்து மூடி, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைக்க வேண்டும். தகடு கறுத்தாலோ பூத்தாலோ அந்தப் பொருள் பேழைக்கு ஆகாது. மிக எளிய சோதனை. ஆனால் 28 நாள் பொறுமை வேண்டும். 'திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று' என்று சொல்லும் ஊரில் அந்தப் பொறுமையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பட்டறையின் பின்புறம் ஓர் அக்கா பிளாஸ்டிக் தொட்டியில் காடாத் துணியை அலசிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தண்ணீர் என்றார். நெசவில் ஏறிய கஞ்சி முழுதும் போக வேண்டும். சாயம் போடாத, கஞ்சி போன பருத்தித் துணியைத்தான் பேழையின் அடித்தளத்துக்கு விரிக்கிறார்கள். "வர்றவங்க எல்லாரும் சிவப்பு வெல்வெட்டுதான் கேக்கறாங்க சார். சாமி பின்னாடி சிவப்பா இருந்தா எடுப்பா இருக்கும்னு." வெல்வெட்டின் சாயமும் பின்புறப் பசையும் என்ன செய்யும் என்று அவர் விளக்கியது, வேதியியலாளர் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. கம்பளித் துணியும் கூடாதாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். இருபது வருடம் ஜாக்கெட் தைத்திருக்கிறார்.

கண்ணாடியின் கதை தனி.

சென்னையில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடி தூரத்திலிருந்து வரும் பொருள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை இருக்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பைப் பரவவிட்டுத் தகடாக்கும் முறையில்தான் இன்றைய தட்டைக் கண்ணாடி பெரும்பாலும் பிறக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாகத் தெரியும். மணலில் உள்ள இரும்பு தரும் நிறம் அது. வெண்கலத்தின் தேன் நிறத்தை அந்தப் பச்சை கெடுத்துவிடும் என்பதால், பேழைக்கு இரும்பு குறைந்த கண்ணாடி வாங்குகிறார்கள்.

அதிலும் ஒற்றைத் தகடு இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தி ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் சில்லு உள்ளே கொட்டாது. டஃபன்டு கண்ணாடி வலுவானது என்று பலர் அதையே கேட்கிறார்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பதால் வரும் வலு அது. ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் கல்கண்டுக் குவியலாகச் சரிந்துவிடும். பிறகு சிலைக்கும் பார்ப்பவருக்கும் நடுவே எதுவுமே இருக்காது. பூட்டிய பெட்டியை உடைத்துத் திருட வருபவனுக்கு அதைவிட வசதி உண்டா?

டஃபன்டு கண்ணாடியில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. சூளைக்குப் போய் வந்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. எல்லாத் துளைகளும் முன்னமே போட்டாக வேண்டும். ஒருமுறை வரைபடத்தில் கீல் துளை ஒரு நூல் தள்ளிப் போய், முழுத் தகடும் வீணானதை மாஸ்டர் இன்னும் மறக்கவில்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரிடமும் கொத்தனாரிடமும் இருக்கும் அதே அளவுச் சொல் இங்கேயும் புழங்குகிறது. ஆனால் இந்த வேலையில் ஒரு நூல் என்பது ஊர்ப்பட்ட இடைவெளி என்கிறார்.

வெட்டும் இடத்தில் மண்ணெண்ணெய் வாசனை. கட்டரின் சக்கரத்தை அதில் தொட்டு ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். அந்த ஒலியை வைத்தே கோடு சரியாக விழுந்ததா என்று சொல்லிவிடுகிறார் மாஸ்டர். கரகரப்பு தொடர்ந்து ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் விட்டுப்போனால் அங்கேதான் விலகி உடையும். அவருடைய இடது உள்ளங்கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. கையுறை இல்லாத காலத்துத் தழும்பு. இப்போது கையுறை இல்லாமல் யாரையும் அவர் விளிம்பைத் தொட விடுவதில்லை.

எடையையும் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரைக் கிலோ. இரண்டு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கதவு 12 மில்லிமீட்டர் கனத்தில் 60 கிலோ ஆகிறது. இதை உறிஞ்சு கப்புகளால் பிடித்து நான்கு பேர் தூக்குகிறார்கள். தூக்கும்போது யாரும் பேசுவதில்லை.

இத்தனையும் எதற்கு? காற்றுக்காக.

வெண்கலத்துக்கு ஒரு நோய் உண்டு. மண்ணிலும் கடற்காற்றிலும் இருந்து ஏறிய குளோரைடு உப்பு, உலோகத்துக்குள் பதுங்கியிருக்கும். ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொண்டு, வெளிர்பச்சைத் தூளாக மேலே வரும். தானே தன்னைத் தீனியாக்கிக்கொண்டு தொடரும் அரிப்பு அது. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இந்தத் துன்பம் நன்றாகத் தெரியும். அங்கே 1930இல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைந்ததே இப்படி நோயுற்ற செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றத்தான். அறிவியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையில் சிலைகளைத் தேற்றினார். இன்று அந்த வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் நிற்கும்போது, இந்தக் கடலோர ஊரின் காற்றோடு நடந்த நீண்ட போராட்டமும் நினைவுக்கு வர வேண்டும்.

ஈரப்பதம் ஏறக்குறைய 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிக் கிடக்கும். நம் கடற்கரை ஊர்களிலோ 70, 75 என்பது சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 75 சதவீதத்திலிருந்து 40க்குக் கொண்டுவர, எடுக்க வேண்டியது சுமார் 10 கிராம் நீர். இரண்டு தேக்கரண்டி! தட்டில் பரப்பிய சிலிக்கா ஜெல் அதைச் சுலபமாகக் குடித்துவிடும். ஆனால் பேழை ஒழுகினால்? நாளுக்கு ஒருமுறை உள்காற்று முழுதும் மாறும் பெட்டியில் தினமும் அதே 10 கிராம் திரும்ப வரும், மாதத்துக்கு 300 கிராம். பத்து நாளுக்கு ஒருமுறை மாறும் பெட்டியில் மாதம் 30 கிராம்தான். ஒரே ஜெல், ஒரே சிலை, ஒரே ஊர். வித்தியாசம் கதவோரத்து ரப்பரில் இருக்கிறது.

அந்த ரப்பரைச் சோதிப்பதையும் பார்த்தேன். தாள் கீற்று ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடுகிறார்கள். இழுத்தால் வரக் கூடாது. நான்கு பக்கமும் சாணுக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் தாள் நழுவியது. கீலைக் கழற்றி, தகடு வைத்து, மறுபடி மூடினார்கள். மறுபடி தாள். ஒரு மூலைக்காக இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் கரியமில வாயுவை உள்ளே நிரப்பி, அது எத்தனை நாளில் குறைகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். அதுதான் இறுதித் தேர்வு.

விளக்கும் பெட்டிக்கு வெளியே, மேலே தனி அறையில்தான். உள்ளே விளக்கு வைத்தால் பகலில் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். இரவில் அணைத்ததும் சுருங்கி வெளியீரத்தை இழுக்கும். மாஸ்டர் இதை 'பெட்டி மூச்சு விடுது' என்கிறார். சுவடிப் பேழைக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. சுவடிக்கு ஈரத்திலும் கணக்கு வேறு. வெண்கலத்துக்கு இதமான வறட்சியில் ஓலை முறுக்காகி ஒடியும், ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். அதற்கு 50 சதவீதத்தை ஒட்டிய நடுநிலை வேண்டும். முதலில் அந்த அருங்காட்சியகம் சிலையையும் சுவடியையும் ஒரே பேழையில் கேட்டிருந்தது. நாலாவது பேழை வந்தது அப்படித்தான்.

பொருத்தும் நாளில் நானும் போயிருந்தேன். தரை சமமாக இல்லை, ரசமட்டத்தில் குமிழி ஓரத்துக்கு ஓடியது. அடியில் தகடு வைத்து நிமிர்த்தவே மதியமாகிவிட்டது. பேழை நின்றதும் மாஸ்டர் எதிரே மண்டியிட்டுப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் அது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நூற்றில் நாலு பங்கு ஒளியைத் திருப்பும். எதிர்ச் சன்னலும், வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நிற்பவரும் சாமி மேல் விழுந்து தெரிவார்கள். அந்தச் சன்னலுக்குத் திரை போடச் சொல்லிவிட்டு எழுந்தார். சிலைகளை எடுத்து வைக்கும்போது பட்டறைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

மூன்று வாரம் கழித்து அங்கிருந்து ஈரப்பத அளவு வந்தது. கூடத்தில் 73, பேழைக்குள் 38.

தமிழ்நாட்டில் சிறிய அருங்காட்சியகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கோயில்களிலும் கல்லூரிகளிலும்கூட இருக்கின்றன. அங்கெல்லாம் பேழைக்கு டெண்டர் எழுதும்போது நீளம், அகலம், உயரம், கண்ணாடியின் கனம் ஆகியவற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போய்விடுகிறது. எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன பசை, என்ன பலகை, என்ன துணி, எத்தனை நாளுக்கு ஒருமுறை உள்காற்று மாறும் என்ற நான்கு கேள்விகளையும் அந்தத் தாளில் சேருங்கள். பட்டறைகளில் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.