கடலைக் கேட்கும் வினாத்தாள்

‘கடற்கரைக்கு எத்தனை முறை செல்கிறீர்கள்?’ கடலோரப் பயன்பாட்டை அளக்கும் வினாத்தாள்களில் இத்தகைய வினா வழக்கமானது. உல்லாஸ்நகரிலிருந்து ரயிலேறிக் கடல் பார்க்கச் செல்லும் என் போன்றோருக்கு அது பொருந்தும். வொர்லி கோலிவாடா மீனவர் என்ன எழுதுவார்? அவர் கடற்கரைக்குச் செல்பவர் அல்லர், அங்கேயே வாழ்பவர்.

மும்பைக் கடலோரச் சாலைத் திட்டத்தில், அவர்தம் படகுகள் கடக்கும் வழியில் பாலத்தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளியே வகுக்கப்பட்டிருந்தது. அலையும் காற்றும் படகைத் தூணில் மோதிவிடும் என மீனவர்கள் போராடினர். 2022இல் அது 120 மீட்டராக்க ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம் மீனவர் கடலடிப் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பர். ‘கடல்’ என்ற ஒற்றைக் கட்டத்துள் அந்தப் பார் அடங்காது. படகின் வழியும் அடங்காது. மக்களின் சொற்களைத் திரட்டிய பின்னரே வினாக்களை எழுத வேண்டும். மதிப்பீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.