பொம்பளைக்குத் தனி ரேட்டு

ஆட்சி கவிழ்வதைத் தஞ்சாவூரில் இருந்தவரை பேப்பரில்தான் படித்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த மலேசியாவின் கோலா கங்சாரில் அது எங்கள் ஊருக்குள்ளேயே நடந்தது. 2009 பிப்ரவரி 6 அன்று இஸ்கந்தாரியா அரண்மனையில் ஸம்ரி அப்துல் காடிர் பேராக் மாநிலத்தின் புதிய மந்திரி பெசாராக, அதாவது முதலமைச்சராக, பதவியேற்றார். வெளியே சாலையை மறித்த கூட்டத்தின் மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது.

59 இடங்கள் கொண்ட பேராக் சட்டமன்றத்தில், 2008 தேர்தலில் மக்கள் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. கூட்டணியிலிருந்து மூவர் விலகி முன்னணியை ஆதரித்ததும் கணக்கு புரண்டது. பெஹ்ராங் உறுப்பினர் ஜமாலுடினும் சங்காட் ஜெரிங் உறுப்பினர் ஒஸ்மானும் ஆண்கள். மூன்றாமவர் பெண், ஜெலப்பாங் உறுப்பினர் ஹீ இட் ஃபூங். சட்டமன்றத் துணைத் தலைவரும் அவர்தான். எங்கள் கோப்பிக் கடையில் அந்த ஆண்களுக்குக் கிடைத்தது ‘கட்சித் துரோகி’ என்ற பட்டம் மட்டுமே. ஹீயைப் பேசும்போதோ நடை, உடை, குடும்பம் எல்லாம் சந்திக்கு வந்தன.

“பொம்பளைன்னா தனி ரேட்டுதான் தங்கச்சி, சம்பளத்துலயும் திட்டுலயும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர்.

அவர் சொன்னது பழைய கணக்கு. 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த தோட்டக் கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக ஜான்சி ராணி படை அமைந்தபோது தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். 1945இல் போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், அவர்களில் பலருக்கு மறுபடி பால்வாளிதான். அதே படையில் இருந்த ஈப்போவின் ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் தொடங்கிச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். நாடு விடுதலை பெற்றுக் கொடி மாறியும் தானாக வராத சம ஊதியத்தைச் சங்கம் கேட்டு வாங்கியது.

பெண்ணுக்குப் பெரிய பதவி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கண்ணீர்ப்புகை வீசிய அன்று கோலா கங்சாரின் நாடாளுமன்ற உறுப்பினர், இருபது ஆண்டுகளுக்கு மேல் வர்த்தக அமைச்சராக இருந்த ரஃபிடா அஸிஸ். அத்தனை வருஷப் பழக்கமும் கோப்பிக் கடைப் பேச்சைத் திருத்தவில்லை.

ஹீ செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. கூட இருந்த இரண்டு ஆண்களுக்கு எவ்வளவு திட்டோ, அவருக்கும் அவ்வளவே கிடைத்திருக்க வேண்டும். சம்பளத்தில் சமம் கேட்கவாவது ஒரு சங்கம் வந்தது. திட்டில் சமம் கேட்க ஆள் இல்லை.