கேளாமல் விட்ட கேள்வி

சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில் இருந்த அந்த வழக்கறிஞர் அம்மையாரின் அலுவலகத்தை நான் அடைந்தபோது இரவு எட்டு மணி கடந்திருந்தது. வியாபார வழக்குகளை நடத்துவோரின் தொழிலை நேரில் காண வேண்டுமென்ற என் விருப்பத்துக்கு இணங்கி, கட்சிக்காரர்களின் பெயரை வெளியிடலாகாது என்ற நிபந்தனையோடு, மறுநாள் குறுக்கு விசாரணைக்குரிய ஆயத்தத்தில் உடனிருக்க அவர் அனுமதித்திருந்தார்.

நியாயஸ்தலத்தில் முழங்கும் நாவன்மையே வக்கீல் தொழிலின் ஜீவன் என்று எண்ணியிருந்த எனக்கு, மேஜைமேல் அடுக்கியிருந்த பதினொரு கட்டுகளும், அவற்றினிடையே பேரேட்டின் நகலை வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்த அவருடைய மௌனமும் ஆச்சரியத்தை விளைவித்தன. யந்திரம் விற்றவர் பாக்கித் தொகை கேட்கிறார்; வாங்கியவரோ, சரக்கில் பழுது இருந்ததென்றும் அப்போதே டெபிட் நோட்டு அனுப்பிவிட்டதாகவும் சாதிக்கிறார். விவகாரம் இவ்வளவுதான்.

2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபின் தொழிலின் வேகமே மாறிவிட்டதென்றார் அம்மையார். சம்மன் கிடைத்த 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாத பிரதிவாதி அந்த உரிமையையே இழக்கிறார்; கைவசமுள்ள ஆவணங்களையும் ஆரம்பத்திலேயே முன்வைத்தாக வேண்டும். ஆகவே, முன்பு வாய்தாவுக்கு வாய்தா சாவகாசமாக நடந்த ஆராய்ச்சி இப்போது முதல் சில வாரங்களிலேயே முடிய வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் இளம் ஜூனியர்களின் கண்கள்மேல் விழுவதைக் கண்டு என் மனம் இரங்கிற்று.

அத்தகைய கண்கள்தாம் அன்றிரவு அதைக் கண்டுபிடித்தன. “மேடம், 47-ஆம் நம்பர் டெபிட் நோட்டு மார்ச் மாசத் தேதியில இருக்கு. ஆனா 46 அதே வருஷம் ஆகஸ்டுல போட்டிருக்காங்க” என்று ஜூனியர் பெண் தயக்கத்தோடு சொன்னாள்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்த ரெண்டையும் இப்படிக் குடும்மா.”

மறுநாள், உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் கூடுதல் மாஸ்டரின் முன்னிலையில், பிரதிவாதியின் கணக்கர் கூண்டில் ஏறினார். முதல் விசாரணைக்குப் பதிலாகப் பிரமாணப் பத்திரம் முன்னரே தாக்கலாகியிருந்தபடியால், குறுக்கு விசாரணை உடனே தொடங்கிற்று. டெபிட் நோட்டுகளுக்கு வரிசையாகத்தான் எண் இடுவீர்களா என்று அம்மையார் சாந்தமாகக் கேட்டார்; ஆம் என்றார் கணக்கர். 46-ஆம் நோட்டைக் காட்டித் தேதியைப் படிக்கச் சொன்னார், படித்தார். பிறகு 47, அதையும் படித்தார். அப்படியானால் இது எப்படி என்ற கேள்வி என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அம்மையாரோ, சாட்சி ஒரு சமாதானம் சொல்லித் தப்பிக்க அதுவே வழியாகிவிடும் என்பதை உணர்ந்தவராய், அந்த முரண்பாட்டை வாதத்திற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, சரக்கு ஏற்றிய லாரியைப் பற்றிய கேள்விக்கு நகர்ந்தார். அந்தச் சமயோசிதமான அடக்கம் எந்தச் சொற்பொழிவிலும் நான் காணாதது.

தட்டச்சான சாட்சியத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கணக்கர் கையொப்பமிட்டார். அந்த இரண்டு எண்களும் பதிவாகியிருந்த பக்கத்தில் மட்டும் அவர் பேனா சற்றே நின்று, பிறகு நகர்ந்தது.