மகள் வரைந்த சோக முகம்



நெய்வேலியில் வாழ்பவர்கள் தங்கள் முகவரியை வட்டத்தின் எண்ணோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த எண்ணும் அந்த வீடும் தங்களுக்கு நிலையானவை அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். எங்கள் குடும்பத்திற்கும் அந்த நாள் வந்தது. சுரங்கத்தில் பணியாற்றிய எங்கள் மகளின் பாட்டனார் ஓய்வு பெற்றார். அவருடன் வசித்து வந்த நாங்களும் கடலூருக்குக் குடிபெயர ஆயத்தமானோம்.

பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எட்டு வயது மகள் ஓவிய நோட்டுடன் வந்து நின்றாள்.

"அத்தா, சோகமா இருக்கிற மாதிரி ஒரு கார்ட்டூன் முகம் வரையணும். எப்படி வரையறது?"

"சிரிக்கிற முகமா வரையேன்மா" என்றோம்.

"இதுக்குச் சிரிப்பு வரல" என்றாள்.

நோட்டில் இருந்தது சுரங்கத்தில் மண்ணை வெட்டியெடுக்கும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரம். அதை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உருவங்கள் வரைந்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, வரைந்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் உள்ளது. அதைச் சொல்லியே மகளை வளர்த்திருந்தோம். அவளும் உயிரற்ற இயந்திரத்தைத்தான் வரைந்தாள். பிறகு அதற்கு இரண்டு கண்களை வைத்துவிட்டாள்!

உருவப்படங்கள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்குப் பலரும் சலுகை அளித்துள்ளனர். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதை எண்ணி, கண் வைத்த இயந்திரத்தை நாங்கள் அழிக்கச் சொல்லவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு அவளருகில் அமர்ந்தோம்.

அவள் வரைந்திருந்த புருவங்கள் மூக்கை நோக்கிச் சரிந்திருந்தன. அதனால் இயந்திரம் கோபமாகத் தெரிந்தது. புருவங்களின் உள்முனைகளை உயர்த்தி, வெளிமுனைகளைத் தாழ்த்தச் சொன்னோம். கோபம் நொடியில் சோகமாயிற்று. மேலிமை கண்ணைப் பாதி மூடட்டும், கருவிழி கீழே பார்க்கட்டும், வாய் கவிழ்த்த வில்லைப் போல் சிறிதாக இருக்கட்டும் என்றோம். துயரத்தில் புருவத்தின் உள்முனைகள் உயர்வதையும் வாயோரங்கள் தாழ்வதையும் சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கண்ணீர்த் துளி வரையவே தேவையில்லை, புருவமே போதும். மகள் தானாகவே இன்னொன்றும் செய்தாள். இயந்திரத்தின் நீண்ட கையைத் தரையில் படும்படி தொங்கவிட்டாள்.

"ஏன்மா இதுக்கு இவ்வளவு சோகம்?"

"நாம போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. அதுவரை அவளிடம் நாங்கள் சொன்னதெல்லாம் "கடலூரில் கடல் இருக்கிறது, புதுப் பள்ளி இருக்கிறது" என்பதுதான். போக மனமில்லை என்று அவள் சொல்வதற்கு நாங்கள் இடமே தரவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்த பாட்டனார் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சக்கரத்துல ஒரு வாளி குறையுதே" என்று பென்சிலை வாங்கி அதை வரைந்து சேர்த்தார். பெரிய இயந்திரங்களில் ஒரு வாளி மட்டுமே 1400 லிட்டர் கொள்ளும் என்று பேத்திக்குச் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

"நன்னா, உங்களுக்கும் சோகமா இருக்கா?"

"இருக்கும்மா. 1957இல் சுரங்க வேலை தொடங்குறதுக்கு முன்னாடி இங்க கிராமங்கள் இருந்துச்சு. அந்த மக்களும் இப்படித்தான் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போயிருப்பாங்க. நாம வீட்டைத்தான் விடுறோம். அவங்க நிலத்தையே விட்டுட்டுப் போனாங்க."

அன்றிரவு நாங்கள் மகளுக்கு ஹிஜ்ரத்தின் வரலாற்றைச் சொன்னோம். மக்காவை விட்டு வெளியேற்றப்பட்ட நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ்வின் பூமியில் தமக்கு மிகவும் பிரியமான ஊர் அதுவே என்றும், வெளியேற்றப்படாவிட்டால் அதைவிட்டுப் போயிருக்கமாட்டேன் என்றும் கூறியதைச் சொன்னோம். மதீனாவுக்கு வந்தபின் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்குள்ள புற்களையும் நினைத்து ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்காவை நேசித்ததைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கு என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

ஊரைப் பிரியும் துயரம் ஈமானின் குறைவு அல்ல என்பதை நாங்களும் அன்றுதான் உணர்ந்தோம். பொறுமை என்ற பெயரில் பிள்ளைகளின் வாயை நாம் எத்தனை முறை அடைத்துவிடுகிறோம்! அழாதே என்கிறோம், ஏன் அழுகிறாய் என்று கேட்க மறக்கிறோம். அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி இறந்தபோது, மனிதர்களில் மேலான நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்களே!

வீட்டின் சாவியை ஒப்படைத்த காலையில் மகள் கையேந்தி நின்றாள். "யா அல்லாஹ், நெய்வேலியைப் போல கடலூரையும் எனக்குப் பிடிக்க வை" என்றாள். சற்று யோசித்து, "ஆனா நெய்வேலியை மறக்க வைக்காதே" என்றும் சேர்த்துக்கொண்டாள். பாட்டனார்தான் முதலில் ஆமீன் சொன்னார்.

அந்தப் படம் அவளுடைய நோட்டில் பத்திரமாக இருக்கிறது. புருவங்களை அவள் இன்னும் மாற்றவில்லை. நாங்களும் மாற்றச் சொல்லவில்லை.

நம் பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் போலவே அவர்களின் துயரத்தையும் செவிகொடுத்துக் கேட்கும் பெற்றோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.